விண்டோவுக்கு ஒரு கள்ளச் சீட்டு

அகராதி அலுவலகத்தில் அவரை வேர்க்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓர் ஆங்கிலச் சொல் எங்கே பிறந்தது, யாருக்குப் பிறந்தது, எந்தெந்த ஊர் வழியாக வந்தது, வழியில் எதையெல்லாம் தொலைத்தது என்று தேடிப் பிடித்து நான்கு வரியில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். சொந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கேட்டால் விழிப்பார். கப்போர்டு என்ற சொல்லின் கொள்ளுத்தாத்தாவைக் கேட்டால், அது கதவே இல்லாத வெறும் பலகை, மேலே கோப்பைகளை அடுக்கி வைப்பார்கள், பெட்டியாக மாறியதெல்லாம் பிற்பாடு என்று மூச்சுவிடாமல் சொல்வார். இப்படி ஒரு மனுஷனை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் மனைவி கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

அலுவலகம் ஓர் அச்சகத்தின் மாடி. நீளமான ஒரே அறை, சுவரோரம் மர இழுப்பறைகள், உள்ளே எழுத்து வரிசைப்படி சீட்டுகள். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. எழுதினவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து, எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்று கீழே ஒரு வரி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சீட்டு திரும்பி வந்துவிடும். வேர்க்காரரின் சீட்டு திரும்பி வந்ததே இல்லை. அதில் அவருக்கு நல்ல தலைக்கனம் இருந்தது. அதை அவர் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு ஒழுங்கான இடத்தில் பொய்க்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள். காரணம் இருந்தது. ஓர் அகராதியைச் செய்ய இருபது வருடம் ஆகும், அதைப் பார்த்துக் காப்பியடிக்க ஆறு மாதம் போதும். காப்பியடித்தவனைக் கோர்ட்டில் நிறுத்தினால், உண்மை எல்லாருக்கும் பொதுதானே, நாங்களும் தேடினோம், எங்களுக்கும் அதுவே கிடைத்தது என்பான். உண்மையை வைத்துத் திருடனைப் பிடிக்க முடியாது. பொய்யை வைத்துத்தான் பிடிக்க முடியும். அதனால் ஒவ்வொரு பதிப்பிலும் பதினொரு சொற்களின் வரலாற்றில் மட்டும் வால்பக்கம் ஒரு சின்னப் பொய்யைச் சேர்ப்பார்கள். பொருள் மாறக் கூடாது, படிக்கிற பிள்ளைக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையக் கூடாது. வெறும் அலங்காரம். அந்தப் பொய் இன்னொரு புத்தகத்தில் தலைகாட்டினால் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இதற்குக் கள்ளச் சீட்டு என்று பெயர். மஞ்சள் காகிதத்தில் எழுதிப் பதிப்பாளரம்மாவின் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். பட்டியல் அந்த அம்மாளுக்கும் வேர்க்காரருக்கும் மட்டுமே தெரியும். ஒன்று வாய்வழியாக வெளியே போனாலும் பதினொன்றும் செல்லாக்காசு. அங்கே வேலை செய்கிறவரே எனக்குச் சொன்னார் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் கோர்ட்டில் பேச ஒன்றுமில்லை.

"வீட்டம்மாகிட்டகூட வாயைத் திறக்கக் கூடாது," என்றார் பதிப்பாளரம்மா, முதல் நாளே.

"என் வீட்டுல நான் பேசறதை யாரும் கேக்கறதே இல்லீங்க," என்றார் வேர்க்காரர்.

பத்து வருடத்துக்கு முன் விண்டோ என்ற சொல்லுக்குக் கள்ளச் சீட்டு எழுத வேண்டிய முறை வந்தது. அந்தச் சொல்லின் உண்மையான கதையே நல்ல கதை. வடகடல் பக்கத்து ஆட்கள் படகேறி வந்து இங்கிலாந்தில் இறங்கியபோது கூடவே கொண்டுவந்த சொல் அது. இரண்டு துண்டு சேர்ந்தது. முன்பாதி காற்று, பின்பாதி கண். காற்றின் கண். அதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் கண்கதவு என்றும் கண்துளை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வந்தவர்களின் சொல் இருந்தவர்களின் சொல்லை வெளியே தள்ளிவிட்டது. நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது, நம் ஜன்னலும் கப்பலேறி வந்த போர்த்துகீசியச் சரக்குதான். அதற்கு முன்னால் காலதர் என்று நம்மிடம் ஒரு சொல் இருந்தது, காற்று நடக்கிற வழி என்று பொருள். அது எங்கே போனதென்று கேட்க ஆளில்லை.

இந்த உண்மைக்கு வாலாக வேர்க்காரர் சேர்த்தது இது: அந்தக் கடற்கரை ஊர்களில் புதுவீடு கட்டினால் தச்சர்கள் ஒரு ஜன்னலுக்கு மட்டும் ஒரு பருவம் முழுக்கக் கதவு போட மாட்டார்கள், காற்று வந்து தன் கண்ணால் வீட்டைப் பார்த்துவிட்டுப் போன பிறகே அதை மூடுவார்கள். அப்படி ஒரு வழக்கம் எந்தக் கடற்கரையிலும் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரத்தில் கட்டிய கதை. எழுதி முடித்ததும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். மற்றக் கள்ளச் சீட்டுகளில் ஏதாவது ஒரு புத்தகத்துச் செய்தியைத் திரித்திருப்பார், எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் அவர் முழுக்கக் கட்டியது அது ஒன்றுதான். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. வினையே அங்கேதான்.

அடுத்த வருடம் அவர் தங்கை வீடு கட்டிக் குடிபோனாள். தங்கையின் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். அதிர்ந்து பேசாத மனுஷர், மூன்று அறைகளை எழுப்புவதற்குள் அரை உயிராகியிருந்தார். குடிபோன அன்று முன்னறையில் ஒரு ஜன்னலுக்குக் கதவு இல்லை. தச்சர் மரத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த ஓட்டையில் ஒரு சாக்கைத் தொங்க விட்டிருந்தார்கள். வந்த உறவுக்காரர்கள் விருந்தை விட்டுவிட்டுச் சாக்கையே பார்த்தார்கள். வாத்தியாரின் பெரியம்மா மகள் ஒருத்தி, "இது என்ன புது டிசைனா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். தங்கைக்கு முகம் சுண்டிவிட்டது. தட்டை வைத்த கை அப்படியே நின்றது.

வேர்க்காரருக்குத் தங்கை என்றால் உயிர். அவர் தொண்டையைச் செருமினார். "சிரிக்காதீங்க. விண்டோங்கற வார்த்தை எப்படி வந்துச்சு தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தார். வடகடல், படகு, காற்றின் கண் எல்லாம் வந்தது. பேச்சு ஏறிய வேகத்தில் தச்சர்களும் வந்தார்கள், கதவில்லாத ஜன்னலும் வந்தது. "அதனால மாப்பிள்ளை தெரிஞ்சுதான் விட்டு வெச்சிருக்கார். காத்து வந்து பாத்துட்டுப் போகட்டும்னு," என்று முடித்தார். பெரியம்மா மகள் வாயை மூடிக்கொண்டாள். தங்கை தலை நிமிர்ந்தாள். வாத்தியார் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டார்.

சொல்கிறபோது வேர்க்காரருக்கு அது பொய் என்ற நினைப்பே இல்லை. இதை நான் அவருக்காகச் சப்பைக்கட்டு கட்டிச் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் நடக்கிறதுதான். பொய்யையும் மெய்யையும் ஒரே கையெழுத்தில், ஒரே நடையில், ஒரே மேஜையில் எழுதி எழுதி, எது மஞ்சள் காகிதம் எது வெள்ளைக் காகிதம் என்பது கைக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகிற வழியில்தான் சுருக்கென்றது. திரும்பிப் போய் என்ன சொல்வது? அது பொய் என்றால் தங்கை வீட்டு ஜன்னல் மறுபடி வெறும் ஓட்டையாகிவிடும். ஏன் அந்தப் பொய் என்றால் கள்ளச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த அப்புறம் ஒன்பது வருடம் வரவில்லை.

அந்த ஒன்பது வருடமும் வாத்தியார் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளுக்காக ஐந்நூறு ஆங்கிலச் சொற்களின் கதையை எழுதிக்கொண்டிருந்தார். பள்ளி விட்டு வந்து எழுதுவார், விடுமுறையில் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுவார். முடித்ததும் கட்டாகக் கொண்டுவந்து மச்சானிடம் கொடுத்தார். "நீங்க ஒரு தடவை பாத்துட்டா எனக்குப் போதும் மச்சான். தப்பு இருந்தா அடிச்சுடுங்க."

வேர்க்காரர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை படித்தார். ஹெச் வரைக்கும் வந்தார். அப்போது அகராதியின் அடுத்த பதிப்புக்கு எஸ் எழுத்து நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் எஸ் என்பது ஒரு சமுத்திரம், இறங்கினவன் லேசில் கரையேற முடியாது. கட்டு மேஜையிலேயே கிடந்தது. வாத்தியார் ஒரு நாள் வந்து தயங்கி நின்றபோது, "பாத்துட்டேன் மாப்பிள்ளை. நல்லா வந்திருக்கு," என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். முன்னுரையில் மச்சானுக்கு நன்றி சொல்லட்டுமா என்று வாத்தியார் கேட்டார். வேண்டாம், அலுவலகத்தில் ஒருமாதிரி நினைப்பார்கள் என்றார். டபிள்யூ கடைசியில்தானே வருகிறது. கடைசியில் வருகிறதை எவன் படிக்கிறான்.

புத்தகம் வந்தது. வாத்தியார் வேலை பார்த்த பள்ளிக்கூடமே அதை எட்டாம் வகுப்புக்குத் துணைப்பாடமாக வைத்தது. வாத்தியார் கொஞ்சம் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார். இரண்டு மாதம் நடந்திருப்பார்.

பதிப்பாளரம்மா ஒரு காலைவேளையில் வேர்க்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது, அது அபூர்வம். மேஜையில் வாத்தியாரின் புத்தகம். வருடத்துக்கு ஒரு முறை கடையில் புதிதாக வந்த சொற்புத்தகங்களை வாங்கிப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது அந்த அம்மாளின் வழக்கம், அதை வேறு யாரிடமும் விட மாட்டார்.

"மாட்டிக்கிட்டான்," என்றார். "விண்டோ. தச்சர் கதையைப் பிசகாம அப்படியே போட்டிருக்கான். போட்டது யார் தெரியுமா? நம்ம மேல கை வெச்ச அதே கம்பெனி."

அந்தக் கம்பெனி மேல் ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. இவர்கள் அகராதியையே உரித்து எடுத்து, சின்னதாக்கிப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கள்ளச் சீட்டு அகப்பட்டது. ஒன்று போதாது, தற்செயல் என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இப்போது இரண்டாவது கிடைத்துவிட்டது. அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். கணவர் போன பிறகு இருபது பேரை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக அந்த அகராதியைச் சுமந்தவர். வயிற்றெரிச்சல் இருக்கத்தானே செய்யும்.

வேர்க்காரர் அட்டையில் இருந்த பெயரையே பார்த்தார். "அவர் யாரோ சின்ன வாத்தியாரா தெரியுதுங்களே. விட்டுடலாமே," என்று மென்று முழுங்கினார்.

"சின்னதோ பெருசோ, எடுத்தேன்னு எழுதிக் கொடுக்கட்டும். அவர் மேல கேஸ் போடலை. ஸ்கூலுக்கும் சொல்லியாச்சு. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் இருக்கணும், எழுதினவர் நீங்கதானே."

அவர் என் தங்கை வீட்டுக்காரர், கதையைச் சொன்னவன் நான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. வாயைத் திறந்தார். பட்டியல் செல்லாது, வழக்கு போகும், இருபத்தாறு வருடமாகத் திரும்பி வராத சீட்டுக்காரர் வாய் நீண்டவர் என்று பெயரெடுப்பார். வாயை மூடிக்கொண்டார். வியாழக்கிழமைக்குள் வாத்தியாரிடமாவது சொல்லி வைக்கலாம் என்று மூன்று முறை தொலைபேசியில் எண்ணை அழுத்தினார். மூன்று முறையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை வாத்தியார் வந்தார். தேய்த்த சட்டை, கையில் பை, பைக்குள் அவர் எழுதிய நோட்டுகள் பன்னிரண்டு. கூடவே பள்ளி நிர்வாகி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. உள்ளே மச்சானைக் கண்டதும் வாத்தியாரின் முகம் தெளிந்தது. நம் ஆள் இருக்கிறார், இனி ஒன்றுமில்லை என்ற தெளிவு. வேர்க்காரர் தலையைக் குனிந்து எதிரே இருந்த காகிதத்தைப் படித்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வாத்தியார் ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

பதிப்பாளரம்மா இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். வாத்தியார் நிதானமாகப் பார்த்தார். "அம்மா, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ஆனா நடந்த விஷயம்னா யார் எழுதினாலும் அப்படித்தானே இருக்கும். காத்தோட கண்ணுன்னு நீங்களும் எழுதறீங்க, நானும் எழுதறேன். அதுல திருட என்ன இருக்கு?" என்றார். அப்புறம் வேர்க்காரர் பக்கம் திரும்பினார். மச்சான் என்று சொல்லவில்லை. "சார், இதுக்கெல்லாம் நீங்கதான் பெரிய ஆள்னு சொல்வாங்க. நீங்களே சொல்லுங்க. அந்தத் தச்சருங்க சமாச்சாரம் உண்மைதானே?"

அறையில் மூன்று பேரும் வேர்க்காரரைப் பார்த்தார்கள்.

"இல்ல," என்றார். "அந்தக் கடைசி வரி நான் எழுதினது. கற்பனை. காப்பியடிக்கறவங்களைக் கண்டுபிடிக்கறதுக்காகச் சேர்த்தது."

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு நாள் வாத்தியாரின் முகத்தில் வந்து போனதை வேர்க்காரர் பார்த்தார். சாக்கு, சிரிப்பு, தட்டோடு நின்ற மனைவி, மச்சானின் பேச்சு, எல்லாம். வாத்தியார் பைமேல் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உலகத்துலேயே இல்லாத ஒரு வழக்கம்," என்றார் பதிப்பாளரம்மா. "ரெண்டே இடத்துலதான் இருக்கு. ஒண்ணு எங்க அகராதி, இன்னொண்ணு உங்க புத்தகம். எங்கேருந்து எடுத்தீங்க? யாராவது சொன்னாங்களா?"

இப்போது சொல்லிவிடுவார் என்று வேர்க்காரர் காத்திருந்தார். சொன்னால் தேவலை என்றும் இருந்தது, சொல்லக் கூடாதே என்றும் இருந்தது. இரண்டில் எது கனமாக இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

"உங்க அகராதியிலேருந்துதான் எடுத்தேன்," என்றார் வாத்தியார். "பேர் போட மறந்துட்டேன். தப்புதான்."

எழுதிக் கொடுத்தார். அவர் கையெழுத்து அழகானது, பலகையில் எழுதிப் பழகிய கை. நிர்வாகியும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். வெளியே போகும்போது வாத்தியார் வேர்க்காரரைப் பார்த்து, "வரேன் சார்," என்றார்.

பள்ளிக்கூடம் பத்தே நாளில் அவரைக் கை கழுவியது. பிள்ளைகளிடம் பார்த்து எழுதாதே என்று சொல்கிறவரே பார்த்து எழுதினால் எப்படி என்று கேட்டது. அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? துணைப்பாடப் புத்தகங்களைத் திருப்பி வாங்கி மாடிப்படிக்குக் கீழே அடுக்கினார்கள். ஊர் சின்னதில்லை, இருந்தாலும் வாத்தியார்கள் உலகம் சின்னது. காப்பி வாத்தியார் என்று பெயர் வந்துவிட்டது. வேறு பள்ளிகளில் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

மூன்று வாரம் வேர்க்காரர் ஒழுங்காகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. சீட்டுகளில் தேதி பிசகியது, முதன்முறையாக ஒன்று திரும்பி வந்தது. கடைசியில் நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதினார். எழுதினவர் என்று தன் கையெழுத்தைப் போட்டார். பதிப்பாளரம்மாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

அந்த அம்மாள் படித்தார். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்," என்றார். "அன்னிக்கு அவர் உள்ள வந்து உங்களைப் பாத்த பார்வையிலேயே தெரியும். அப்புறம் விசாரிச்சேன்."

"தெரிஞ்சுமா எழுதி வாங்கினீங்க?"

"அவரே எழுதிக் கொடுத்தார். நான் கையைப் பிடிச்சு எழுத வைக்கலை. நீங்களும் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க." அந்த அம்மாள் தாளை இரண்டாக மடித்தார். "இந்தத் தாள் வெளிய போனா அந்தக் கேஸ் போச்சு. இருபது பேர் தெருவுக்கு வருவாங்க. நீங்க போனா டபிள்யூ முடிக்க எனக்கு வேற ஆள் கிடையாது. போய் வேலையைப் பாருங்க."

அவர் எழுந்து பீரோவைத் திறந்து, மஞ்சள் சீட்டுகள் இருந்த அட்டைப்பெட்டியில் அந்தத் தாளையும் வைத்துப் பூட்டினார். இருபத்தாறு வருடத்தில் வேர்க்காரர் எழுதியதிலேயே வலித்து எழுதிய உண்மை, பதினொரு பொய்களோடு பன்னிரண்டாவதாகப் போய்ச் சேர்ந்தது.

அவர் பள்ளிக்கூடத்துக்கும் போனார். நிர்வாகி நிற்க வைத்தே பேசினார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர்."

"அதான். உறவுக்காரங்கன்னா இப்படித்தான் வந்து சொல்வீங்க. அன்னிக்கு நீங்களும்தானே அங்க இருந்தீங்க, அப்ப ஏன் சொல்லலை?" நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவர் கைப்பட எழுதின லெட்டர் எங்ககிட்ட இருக்கு. புது டீச்சரும் சேர்ந்துட்டாங்க. இனிமே இதுல ஒண்ணும் இல்ல சார்."

உண்மை என்பது எப்போது சொன்னாலும் உண்மைதான் என்று வேர்க்காரர் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார். சொற்களுக்கு அது பொருந்தும். ஆயிரம் வருடம் கழித்துச் சொன்னாலும் விண்டோ என்றால் காற்றின் கண்தான், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று அது கோபித்துக்கொள்ளாது. மனுஷர்களிடம் ஒரு வியாழக்கிழமை தவறினால் தவறியதுதான்.

மிச்சம் இருந்தது தங்கை மட்டும். அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார். அவள் ஏசட்டும், காறித் துப்பட்டும், கணவனைத் திருடன் என்று நினைக்காமல் இருந்தால் போதும். வழியெல்லாம் முதல் வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

வாத்தியார் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் நாலு நாள் தாடி. மாலையில் டியூஷனுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள் என்று தெரிந்தது, மடக்கு மேஜைகள் சுவரில் சாய்ந்திருந்தன. தங்கை சமையலறையில் பாத்திரத்தை வைக்கிற சத்தம் ஓங்கிக் கேட்டது.

"வாங்க மச்சான்," என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

வேர்க்காரர் உட்கார்ந்தார். அலுவலகத்துக்குப் போனதையும் பள்ளிக்கூடத்துக்குப் போனதையும் சொன்னார். வாத்தியார் தலையாட்டிக் கேட்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அந்தக் கதை நீங்களே கட்டினதா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா."

"பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாங்க. எத்தனை வருஷம் சொல்லியிருக்கேன்." படியில் கிடந்த ஒரு சருகை எடுத்துப் பிய்த்தார். "எல்லாப் பிள்ளைங்களும் அதை நெஜம்னு நெனச்சுக்கிட்டு இருக்கும், இல்ல?"

வேர்க்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு ஏன் மாப்பிள்ளை என் பேரைச் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

வாத்தியார் பிய்த்த சருகைக் கீழே போட்டார்.

"சொல்லியிருப்பேன் மச்சான். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா நான் உங்க பேரைச் சொல்லி, நீங்க இல்லன்னு சொல்லிட்டா?" என்றார். "திருடன்னு பேர் வாங்கறது தேவலைன்னு தோணுச்சு."

இல்லை, நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று வேர்க்காரர் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. அன்று தலையைக் குனிந்தபோதே அவர் மறுத்துத்தான் விட்டார். அவர் எழுந்தார். "நான் இப்பவே தங்கச்சிகிட்டச் சொல்லிடறேன்."

வாத்தியார் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி பலமாக இருந்தது. "வேண்டாம். அவ என்கூடப் பேசி இருபது நாள் ஆச்சு. ராத்திரி பகல் அழுகை. எந்த வார்த்தைன்னு நான் அவகிட்டச் சொல்லலை. அவ இப்ப நம்பறது ஒரே ஒரு ஆளைத்தான், அண்ணன் இருக்கார்னு. அதையும் பிடுங்கிட்டா அவளுக்கு யாரு இருக்கா? நான் ஒருத்தன் கெட்டவனா இருக்கேன், போதும். நீங்க சொன்னா எனக்கு ஒண்ணும் திரும்பி வராது. அவளுக்கு இருக்கறதும் போயிடும்."

வேர்க்காரர் நின்றார். சொல்லக் கூடாது என்று அவரைத் தடுத்தபோது அவர் நெஞ்சில் எழுந்தது துக்கம் இல்லை, நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி. அதை அவரே பார்த்தார். தன்னைப் பற்றி இனி அவருக்கு எந்த நல்ல எண்ணமும் வர வழியில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துபோயிற்று.

தங்கை கதவருகே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. கணவர் பக்கம் திரும்பவே இல்லை. "எப்ப வந்தே அண்ணா? உள்ள வா, லேசா ஏதாவது சாப்பிடு. இளைச்சுட்டியே." அவர் பின்னால் போனார். வாத்தியார் படியிலேயே இருந்தார், அவரை அவள் கூப்பிடவில்லை.

அவள் தட்டை வைத்தாள். சூடாகப் பரிமாறினாள். எதிரே உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வெளிய தலைகாட்ட முடியலை அண்ணா. உன் உழைப்பையே திருடியிருக்கார், அதுவும் உன் ஆபீஸ்லேருந்தே. நீ அவரை ஒரு வார்த்தைகூடக் கேக்கலையே. வேற யாரா இருந்தாலும் வீட்டுப்படி மிதிச்சிருப்பாங்களா? உன் மனசு யாருக்கு வரும்?"

அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றாள்.

"போடும்மா," என்றார்.